நாற்பதாயிரத்தில் ஒரு பாட்டில்

நிர்வாக அதிகாரி வெள்ளைப் பலகையில் பச்சை மையால் எழுதியிருந்ததைப் பார்த்ததும் மாமாவுக்கு முதலில் தோன்றியது, மனிதருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்பதுதான். அந்த முத்தான கையெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பலகையில் பெரிதாக ஒன்றுமில்லை. இருநூறில் ஒன்று, பெருக்கல், இருநூறில் ஒன்று. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நாற்பதாயிரத்தில் ஒன்று. அதைச் சுற்றி அதிகாரி இரண்டு வட்டம் போட்டிருந்தார். ஒரு வட்டம் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மாமா என்றால் ஊருக்கெல்லாம் மாமா இல்லை. துப்பறிவாளருக்கு மட்டும். அவளுடைய அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பது வருஷம் லிஃப்ட் இயக்கிவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே அக்கா மகளின் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் பூராவும் மேலேயும் கீழேயுமே போய் வந்தாயிற்று, இனிமேலாவது பக்கவாட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஸ்கூட்டர் அவருடையது, மூளை அவளுடையது. வாய் மட்டும் இருவருக்கும் சேர்த்து அவரே வைத்திருந்தார். வேலை நேரத்தில் அவளை "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார், அவளும் எத்தனையோ தடவை வேண்டாமென்று சொல்லிப் பார்த்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அந்த மூன்று மாடி ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் பதினான்கு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண்ணை எல்லோரும் கவுன்டர் அக்கா என்பார்கள். நேற்றுக் காலை அவள் எடுத்துக் கொடுத்த இருமல் மருந்தில் ஒரு பாட்டில் மாறிப்போயிற்று. குழந்தைக்கு உண்டானதும் பெரியவர்களுக்கு உண்டானதும் ஒரே கம்பெனி, ஒரே பழுப்பு பாட்டில், ஒரே வெள்ளை மூடி. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒன்றில் 5 என்றும் மற்றதில் 15 என்றும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்து போக வேண்டிய இடத்துக்குப் பதினைந்து போய்விட்டது. நாலு வயதுப் பையன் ஒரு வேளை குடித்துவிட்டு தூங்கித் தூங்கி விழுந்திருக்கிறான். இப்போது இரண்டாம் மாடியில் கண் விழித்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

பையனின் அப்பா யார் என்பதில்தான் சிக்கல். அவர் கவுன்டர் அக்கா குடியிருக்கும் வீட்டின் ஓனர். அவளுடைய பூந்தொட்டித் தண்ணீர் கீழே நிற்கிற அவருடைய கார்மேல் சொட்டுகிறது என்று போன வாரம் இருவருக்கும் தெருவே கூடி வேடிக்கை பார்க்கிற அளவுக்குச் சண்டை. உங்கள் குடும்பம் நன்றாகவே இருக்காது என்று அவள் சொன்னதைக் கேட்டவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் சாட்சி சொல்லத் தயார். மற்ற விஷயங்களில் அந்தத் தெருவில் இப்படி ஒற்றுமை கிடையாது.

அதிகாரியின் வாதம் சுத்தமாக இருந்தது. இங்கே ஒருவர் எடுப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார். கவுன்டர் அக்கா சீட்டைப் பார்த்து பாட்டிலை எடுத்து, சீட்டில் தன் கையெழுத்தைக் கிறுக்கி, அதை ரப்பர் பேண்டால் பாட்டிலில் சுற்றிப் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவாள். அங்கே இருக்கும் சீனியர், பாட்டிலையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, தான் கையெழுத்திட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றை மூடிமேல் ஒட்டுவார். சீட்டின் கார்பன் நகல் தட்டில் விழும். போன வருஷம் வெளியிலிருந்து ஆள் வந்து இருவரையும் தனித்தனியாகச் சோதித்திருக்கிறார்கள். இருநூறு தடவைக்கு ஒரு தடவை அவள் தவறாக எடுக்கிறாள். தவறாக வருவதில் இருநூறுக்கு ஒன்றை அவர் தவற விடுகிறார். ஒரே பாட்டிலில் இரண்டு பேரும் கோட்டை விடுவதற்கு வாய்ப்பு நாற்பதாயிரத்தில் ஒன்று. ஆகவே இது தவறு இல்லை. சீனியர் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்து வேறு பாட்டிலில் ஒட்டியிருக்கிறாள். நாலு மணிக்குப் போலீஸ் வரும்.

அப்போது மணி இரண்டு பத்து.

துப்பறிவாளர் பலகையைப் பார்த்தாள். அவளை அமர்த்தியது கவுன்டர் அக்காவின் நாத்தனார். இருவருக்கும் ஆகவே ஆகாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மாள் பேசவே ஆரம்பித்தாள். "அஞ்சு வருஷமா என் பிரஷர் மாத்திரையை அவதான் எடுத்துத் தர்றா. ஆளைக் கொல்ற புத்தி இருந்தா முதல்ல என்னை இல்ல கொன்னிருக்கணும்" என்றாள். இதைவிட நல்ல நன்னடத்தைச் சான்றிதழை மாமா பார்த்ததில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் போகும் சார்?" என்று துப்பறிவாளர் கேட்டாள்.

இருநூறு என்றார் அதிகாரி.

"அப்ப உங்க கணக்குப்படியே இருநூறு நாளைக்கு ஒரு பாட்டில் தப்பாப் போகணுமே. வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு. இதுக்கு முன்னாடி எப்ப போச்சு?"

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் வந்த பன்னிரண்டு வருஷத்தில் ஒரு புகார்கூட வந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகு அவருக்கே ஏதோ நெருடியிருக்க வேண்டும். பேனாவை மூடித் திறந்து மறுபடி மூடினார்.

"இது நடந்ததுல எனக்கு ஆச்சரியம் இல்ல சார். இத்தனை வருஷமா நடக்காததுதான் இடிக்குது" என்றாள்.

பெருக்கலில் என்ன தவறு என்று அதிகாரி சற்றுச் சூடாகவே கேட்டார். பெருக்கலில் தவறே இல்லை என்றாள் அவள். ஒருவர் செய்வது இன்னொருவரைத் தொடாமல் இருக்கிற வரைக்கும் தாராளமாகப் பெருக்கலாம். இந்த இடத்தில் மாமா வாயைத் திறந்தார். அவருடைய கட்டடத்தில் இரண்டு லிஃப்ட் உண்டு. ஒவ்வொன்றும் மாசத்துக்கு ஒரு தடவை நிற்கும். இரண்டும் ஒரே நாளில் நிற்க இரண்டரை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டு ஒரு இன்ஜினீயர் எழுதியே கொடுத்தார். அந்த வாரத்திலேயே இரண்டும் சேர்ந்து நின்றன.

"ரெண்டுக்கும் ஒரே மெயின் ஸ்விட்ச் சார். உள்ள மாட்டிக்கிட்டது அந்த இன்ஜினீயர்தான்" என்றார் மாமா.

அதிகாரி சிரிக்கவில்லை. சிரிக்கிற முகவெட்டு அவருக்கு இல்லை.

கவுன்டர் அக்காவை உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கிற அறையில், உடையாத ஒன்றில் உட்கார வைத்திருந்தார்கள். அழுது ஓய்ந்த முகம். தான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுவாள் என்று மாமா எதிர்பார்த்தார். அவள் பண்ணவில்லை. நேற்று அந்த பாட்டிலை எடுத்தது ஞாபகமே இல்லை என்றாள். சண்டைக்காரரின் பிள்ளைக்கு என்று சீட்டில் பெயரைக்கூடப் பார்க்கவில்லையாம். கை தானாக எடுக்கும், தானாக வைக்கும்.

"வேணும்னு பண்ணல, அது சத்தியம். ஆனா எடுத்தது என் கைதான். அந்தப் பிள்ளை முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?"

சீனியர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் துப்பறிவாளர் கேட்டாள். தங்கமானவர், அவர் ஒருவர் பார்க்கிறார் என்கிற தைரியத்தில்தான் தன்னால் இத்தனை வேகமாக எடுக்க முடிகிறது என்றாள் கவுன்டர் அக்கா.

இரண்டாம் மாடிக்கு மாமா படி ஏறித்தான் போனார். அடுத்தவர் பொத்தான் அமுக்க, தான் சும்மா நின்று போவதை அவர் கௌரவக் குறைவாக நினைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது துப்பறிவாளர் ஹவுஸ் ஓனரிடம் பாதிக்கு மேல் கேட்டு முடித்திருந்தாள்.

மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார். அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மனைவி பையனுக்கு முதல் வேளை மருந்தைக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பாட்டிலைச் சுற்றியிருந்த சீட்டில் கவுன்டர் அக்காவின் கிறுக்கல். உடனே பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்து மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் பதினைந்து என்றே இருந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். இதைச் சொல்லிக்கொண்டே பையனின் சட்டையில் விழுந்திருந்த பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டார்.

மாமா சும்மா இருக்க மாட்டாமல், வீட்டுக்கு வருகிற மருந்தையெல்லாம் இப்படி மூன்று தடவை படிப்பீர்களா என்று கேட்டார்.

"அதையெல்லாம் யாரு படிக்கிறா? டாக்டர் எழுதறாரு, இவங்க குடுக்கறாங்க, நாம குடிக்கிறோம். அந்தம்மா கையால வந்ததுன்னு தெரிஞ்சதாலதான் படிச்சேன்" என்றார் அவர்.

துப்பறிவாளர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். அக்கா மகள் சுவரில் சாய்ந்தால் விஷயம் இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியும். ஆனால் வழக்கமாக அந்த நேரத்தில் முகத்தில் ஒரு தெளிவு வரும். இன்றைக்கு முகம் வெளிறிக் கிடந்தது.

"மாமா, கீழ போய் மருந்து ஜன்னல்ல பத்து நிமிஷம் நில்லுங்க. சீனியர் எப்படி ஸ்டிக்கர் ஒட்டறாருன்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

மருந்து ஜன்னலுக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். உள்ளே கவுன்டர் அக்காவுக்குப் பதிலாக மேல்மாடியிலிருந்து வரவழைத்த ஒரு மருந்தாளுநர் திணறிக்கொண்டிருந்தார். மேஜையில் சீனியர். நரைத்த தலை, வெள்ளை சட்டை, சட்டைப் பையில் மடித்து வைத்த மூக்குக் கண்ணாடி. மாமா வரிசையில் நிற்கிற ஆளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு எண்ணினார். பின்னால் நின்ற அம்மாள் வரிசையில் நகரச் சொல்லி இரண்டு தடவை இடித்தாள். பொத்தான் அமுக்கினால்தான் தனக்கு நகர்ந்து பழக்கம் என்று மாமா பதில் சொன்னார்.

பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து அறிக்கை கொடுத்தார். பதினோரு பாட்டில், பதினோரு ஸ்டிக்கர். மனிதர் நல்லவர். வயதானவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நாளைக்கு எத்தனை வேளை என்று பொறுமையாகச் சொல்கிறார்.

"எல்லாம் சரி பாஸ். மூக்குக் கண்ணாடி மட்டும் பையை விட்டு வெளிய வரவே இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். மணி மூன்று பத்து.

ஜன்னலைப் பதினைந்து நிமிஷம் மூடச் சொல்லிவிட்டு, அதிகாரியையும் கூட வைத்துக்கொண்டு துப்பறிவாளர் உள்ளே போனாள். ஆள் வந்து வாங்கிப் போவதற்காக அலமாரியில் எடுத்து வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்து சீனியர் முன்னால் வைத்தாள். மூடிமேல் இருப்பது அவர் ஸ்டிக்கர்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றார். சரிபார்த்ததுதானே என்றாள். கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்தேன் என்றார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தாள். மூன்று வயதில் பேத்தி இருக்கிறாள் என்று சொல்லும்போது மனிதர் முகம் மலர்ந்தது.

"இதுவும் மூணு வயசுப் பிள்ளைக்குத்தான். உங்க பேத்திக்கு இருமல்னு வைங்க. இந்த பாட்டில்லேருந்து ஒரு ஸ்பூன் குடுப்பீங்களா சார்?"

குடுப்பேனே என்று சொல்ல வாயெடுத்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார், பாட்டிலைத் தூக்கினார், திருப்பி, பெயரைப் படித்து, அதன் கீழே இருந்த பொடி எண்ணைப் படித்து, சீட்டைப் படித்தார். பாட்டில் சரியானதுதான். ஆனால் அவர் படித்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேருக்கும், அவர் அந்த பாட்டிலை முதல் தடவையாகப் படிக்கிறார் என்பது பளிச்சென்று தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

அவரே மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஸ்டிக்கர் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் நாற்பது ஸ்டிக்கர். அத்தனையிலும் முன்கூட்டியே கையெழுத்து.

காலையில் வந்ததும் ஐந்து தாளுக்குக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவாராம். பக்கத்தில் இருந்த இன்னொரு மருந்து ஜன்னலை மூடிய பிறகு கூட்டம் தாங்கவில்லை, எட்டு மாசமாக இப்படித்தான். வெளியிலிருந்து சோதிக்க வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒழுங்காகப் பார்த்தார். யாரும் பார்க்காதபோது பாட்டிலைப் பார்க்கத் தோன்றவில்லை. மறைக்கிற எண்ணம் அவருக்கு இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"அந்தப் பொண்ணு பதினாலு வருஷமா எடுக்கறா, எப்பவாவதுதான் ஒண்ணு மாறும். அவ எடுத்தா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு பயந்து வாயை மூடிட்டு இருந்தேன்."

அவள் இவரை நம்பி வேகமாக எடுத்தாள், இவர் அவளை நம்பிப் பார்க்காமல் ஒட்டினார். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை ஒருவர் இப்படி நம்பி மாமா பார்த்ததில்லை, கல்யாணம் ஆன வீடுகளில்கூட. இதைச் சொல்ல வாய் துடித்தது. சீனியரின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டார்.

எல்லோரும் மறுபடி பலகை இருந்த அறைக்கு வந்தார்கள். அதிகாரி இரண்டாவது இருநூறை அழித்தார். சரிபார்க்கவே இல்லையென்றால் அங்கே பெருக்குவதற்கு எதுவும் இல்லை. வெறும் இருநூறில் ஒன்று. அவர் ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முகம் தெளிந்து, அழித்த இடத்திலேயே மறுபடி எழுத ஆரம்பித்தார்.

தவறாக எடுக்க இருநூறில் ஒன்று, ஒத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் நேற்று வந்த இருநூறு பேரில், போயும் போயும் அவளுடைய சண்டைக்காரர் வீட்டுக்கே அந்த பாட்டில் போகிறதென்றால் அதற்கு வாய்ப்பு இன்னொரு இருநூறில் ஒன்று. பெருக்கினால் மறுபடியும் நாற்பதாயிரம். கோடு போட்டார், வட்டமும் போட்டார். வாசலில் நின்ற நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்த ஆள் விட மாட்டான் போலிருக்கிறதே என்று மாமா அக்கா மகளைப் பார்த்தார்.

அவள் எழுந்து போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பாட்டில் சண்டைக்காரர் வீட்டுக்குப் போனதுக்கு இருநூறில் ஒண்ணு, சரி. ஆனா தப்பு வெளிய தெரிஞ்சுது பாருங்க, அது எப்படித் தெரிஞ்சுது? அவர் பாட்டிலைப் படிச்சதால. ஏன் படிச்சாரு? எடுத்துக் குடுத்தவ தன்னோட சண்டை போட்டவள்னு. வேற எந்த வீட்டுக்குப் போயிருந்தாலும் ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க. பிள்ளை நல்லாத் தூங்குது, மருந்து வேலை செய்யுதுன்னு நினைச்சிருப்பாங்க. பகை இருக்கிற ஒரே ஒரு வீட்டுலதான் சார் இது வெளிய வரும். அங்கதான் வந்திருக்கு."

அதிகாரி கையில் பேனாவோடு நின்றார். மாமாவுக்கு முதலில் சந்தோஷம் பொங்கியது, ஜெயித்தாயிற்று என்று. அக்கா மகள் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. வராந்தாவில் பார்த்த அதே முகம்.

"அப்ப மத்தது?" என்று மாமா கேட்டார். கேட்டபோதுதான் அவருக்கே புரிந்தது.

"அதான் மாமா. எடுக்கறது இருநூறுக்கு ஒண்ணு தப்பு. பாக்க ஆள் இல்ல. ஒரு நாளைக்கு இருநூறு பாட்டில். சராசரியா தினம் ஒரு பாட்டில் தப்பாப் போயிட்டிருக்கு. எட்டு மாசமா."

அதிகாரிக்குக் கணக்கைப் பார்த்தால் கை சும்மா இராது. பலகையின் மூலையில் எட்டை முப்பதால் பெருக்கினார். இருநூற்று நாற்பது என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார். துடைப்பான் பக்கத்தில் இருந்தும் அதைத் தேடாமல் உள்ளங்கையால் தேய்த்து அழித்தார். கை முழுக்கப் பச்சையாயிற்று.

போலீஸுக்கு ஃபோன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னார்கள். கவுன்டர் அக்காவிடம் நீ வீட்டுக்குப் போகலாம் என்று அதிகாரி சொன்னார், மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்றையும் தொண்டைக்குள்ளேயே சொன்னார். நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். கவுன்டர் அக்கா போகவில்லை. முழு விஷயத்தையும் கேட்டுக்கொண்டவள், நேராக மருந்து ஜன்னலுக்குப் போய் நேற்றைய கார்பன் நகல் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நகலிலும் ஃபோன் நம்பரும் விலாசமும் இருந்தன. பழைய மாசங்களின் தட்டுகளை எடுக்க அதிகாரியே ஆள் அனுப்பினார். ஆனால் நேற்று போன பாட்டில்கள் இந்த நிமிஷமும் யார் யார் வீட்டிலோ திறந்திருக்கும், அதுதான் முதலில்.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது நகல். ஐந்து பேராகப் பிரித்துக்கொண்டார்கள். பாட்டிலை எடுங்க, பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு எண் இருக்கும், அதைப் படிங்க. இதையே ஐந்து குரல்கள் ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தன. சீனியர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. நாத்தனாரும் யாரும் கூப்பிடாமலே உட்கார்ந்து முப்பது பேரிடம் பேசினாள், அதில் இருவரிடம் சண்டையும் போட்டாள். நேற்றே ஒன்று போய்விட்டதே, இன்னொன்று இருக்காது அல்லவா என்று அதிகாரி நடுவில் கேட்டார். போன பாட்டிலுக்கு அடுத்த பாட்டிலைப் பற்றி ஒன்றும் தெரியாது சார் என்றாள் துப்பறிவாளர். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

மணி ஐந்தரைக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு பாட்டில் சரியாக இருந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஃபோனை எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்தும் எடுக்கவில்லை. மூன்று வயதுப் பெண் குழந்தை.

மாமா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். கவுன்டர் அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் நகலில் இருந்த விலாசத்தைப் பார்த்துத் திருப்பம் சொல்லிக்கொண்டே வந்தாள். மாமா நாலு பேர் நடக்கிற சந்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

அது ஒரு தையல்காரப் பெண்ணின் வீடு. முன்னறை முழுக்க வெட்டுத் துணி, நடுவில் மிஷின். ஃபோன் துணிக்குவியலுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. குழந்தை மிஷினுக்குக் கீழே உட்கார்ந்து பொத்தான்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு, நடுநடுவே இருமியது. கவுன்டர் அக்கா உள்ளே போனதும் கேட்டது ஒன்றுதான், நேற்று வாங்கின மருந்து எங்கே. ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. ஸ்டிக்கர் கிழியவில்லை, மூடி திறக்கவில்லை. பழைய பாட்டிலில் இரண்டு வேளை மிச்சமிருந்தது, வீணாக்க வேண்டாமென்று முதலில் அதைக் கொடுத்து முடித்தேன், இன்றைக்குத்தான் புதிதைத் திறக்க வேண்டும் என்றாள் தையல்காரப் பெண்.

கவுன்டர் அக்கா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மாமா அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஐந்துக்கு முன்னால் ஒன்று இருந்தது.

நீங்கள் யார் என்று தையல்காரப் பெண் கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம், பாட்டிலை மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான் என்று மாமா ஒரு சமாதானம் தயார் பண்ணி வைத்திருந்தார். அதற்கு வேலை வரவில்லை.

"இந்த மருந்தை எடுத்துக் குடுத்தது நான்தாம்மா. தப்பா எடுத்துட்டேன். இது பெரியவங்களுக்கு உள்ளது. குடுத்திருந்தா உங்க பிள்ளைக்கு ஆபத்தாகியிருக்கும்."

தையல்காரப் பெண் அவளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று மாமா நினைத்தார். கை ஓங்கினாலும் தடுப்பதற்கில்லை என்று ஒரு பக்கம் நகர்ந்துகூட நின்றுகொண்டார். அவள் முதலில் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு சமையலறைக்குப் போய், அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்து மிஷின் பலகைமேல் வைத்தாள். பழைய இருமல் பாட்டில், அதன் அடியில் இரண்டு சொட்டு மருந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய மாத்திரை அட்டை. அவள் அப்பாவின் மூட்டுவலித் தைலம், கண் சொட்டு மருந்து. எல்லாம் அதே ஜன்னலில் வாங்கியவை.

"எனக்குப் படிக்கத் தெரியும், ஆனா ஒரு தடவைகூடப் படிச்சதில்லக்கா. இதெல்லாம் என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

கவுன்டர் அக்கா முதலில் அந்தப் பழைய பாட்டிலை எடுத்தாள். அதைத்தான் குழந்தை நேற்று வரைக்கும் குடித்திருக்கிறாள். வெளிச்சத்தில் திருப்பி நெடுநேரம் படித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. பிறகு பாட்டிலை மாமாவிடம் நீட்டினாள்.

"சார், நீங்க ஒரு தடவை படிங்க. நான் என்ன படிச்சேன்னு கேக்காதீங்க. என் மூஞ்சியையும் பாக்காதீங்க."

மாமா முதுகைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போனார். சாயங்கால வெயிலில் பாட்டிலைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தார். முப்பது வருஷம் எண்களோடு பிழைத்த மனிதர், ஒரு எண்ணை அத்தனை நேரம் பார்த்தது கிடையாது. அதற்கு முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தேய்த்தும் பார்த்தார்.

"அஞ்சு" என்றார்.

கவுன்டர் அக்கா மிஷின் முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தையல்காரப் பெண் அவள் தோளில் ஒரு கையை வைத்தாள். இன்னொரு கையால் அடுத்த மருந்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள்.